ரெண்டு ரவுண்டு... ரெண்டு நிமிஷம்... ஒரு விசில்!

விடியக்காலம் அஞ்சு மணி. மேச்சேரி. டீக்கடையில் அப்போதுதான் பாய்லர் சூடாகிக்கிட்டு இருக்கு. மேட்டூர் போற முதல் பஸ்ஸுக்காக நாலு பேர் துண்டைத் தலையில் சுத்திக்கிட்டு நிக்கிறாங்க. அந்த நேரத்துல ரோட்டோரமா ஒரு பொண்ணு ஓடி வந்தா என்ன ஆகும்? சுடிதார், இடுப்பில் இறுக்கிக் கட்டின துப்பட்டா, காலில் தம்பியோட கேன்வாஸ் ஷூ.

முதல் கேள்வி: "என்ன கண்ணு, பஸ்ஸ உட்டுட்டியா?"

ரெண்டாவது கேள்வி: "போலீஸ் செலக்‌ஷனா கண்ணு?"

ரெண்டுமே இல்லை, சும்மாதான் ஓடறேங்கன்னு சொல்லிப் பாருங்க. டீ கிளாஸ் அப்படியே அந்தரத்துல நிக்கும். "சும்மா எதுக்குக் கண்ணு ஓடணும்?"

நியாயமான கேள்விதான். மேச்சேரின்னா வெளியூர்க்காரங்களுக்கு ஆடு ஞாபகம் வரும். ரோமம் அதிகம் இல்லாத, தோலுக்கும் கறிக்கும் பேர்போன மேச்சேரி செம்மறி. அதுக்குன்னே பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அந்த ஆட்டுக்குப் பின்னாடியே காடு மேடெல்லாம் சுத்துற பொம்பளைங்க ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் நடக்கிறாங்கன்னு யாரும் அளந்தது கிடையாது. அது வேலை. ஸோ, யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. வேலை இல்லாம, யாரும் துரத்தாம, ஒரு பொண்ணு தன் இஷ்டத்துக்கு ஓடினாத்தான் ஊருக்குக் கை கால் ஓடாது!

இந்தக் கேள்வி மேச்சேரிக்கு மட்டும் சொந்தம் இல்லை மக்களே. 1967-ல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் ஸ்விட்சர்னு ஒரு கல்லூரி மாணவி ஓடினாங்க. வயசு 20. பேரை முழுசா எழுதாமல் இனிஷியலோட 'கே.வி. ஸ்விட்சர்'னு எழுதிக் கொடுத்ததால, ஆணா பெண்ணான்னு தெரியாமலே நம்பர் கொடுத்துட்டாங்க. நம்பர் 261. கொஞ்ச தூரம் போனதும் ஒரு அதிகாரி பார்த்துட்டார். ஓடிவந்து தோளைப் பிடிச்சு, நம்பரைப் பிய்க்கப் பார்த்தார். கூட ஓடின நண்பர் அந்த அதிகாரியை ஒரே இடி இடிச்சுத் தள்ளிவிட, கேத்ரின் முழு 42 கிலோமீட்டரையும் ஓடி முடிச்சாங்க. 42-ன்னா எவ்வளவு? சேலத்துல ஏறி ஓமலூர், மேச்சேரி வழியா மேட்டூர் போற பஸ் ஓடுற தூரத்தைவிடக் கொஞ்சம்தான் கம்மி.

இதுல எனக்குப் பிடிச்ச ஆள் அந்த நண்பர் இல்லை, கேத்ரினோட கோச். 'பொண்ணுங்களால மாரத்தான் ஓட முடியாது'ன்னு அடிச்சுச் சொன்ன அதே மனுஷன், பயிற்சியில் அவங்க முழு தூரத்தையும் ஓடிக் காட்டினதும் வாயை மூடிக்கிட்டு, 'பாஸ்டன்ல பேர் கொடு'ன்னு தானே முன்னாடி நின்னார். கண்ணால பார்த்ததை நம்புறதுக்கும் ஒரு மனசு வேணுமே!

பாஸ்டனில் பெண்களை முறைப்படி சேர்த்துக்கிட்டது 1972-ல். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்தது 1984-ல். அதுக்கு முன்னாடி நடந்த கூத்து இன்னும் மோசம். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதல் தடவையா பெண்களுக்கு 800 மீட்டர் வெச்சாங்க. ஃபைனலில் ஓடின ஒன்பது பேரும் ஓடி முடிச்சாங்க. முடிச்சதும் சிலர் மூச்சு வாங்கிக் கீழே உட்கார்ந்தாங்க. 800 ஓடினா ஆம்பளையும்தான் உட்காருவான்! ஆனா பத்திரிகைகள் 'ஐயோ, பொண்ணுங்க சுருண்டு விழுந்துட்டாங்க'ன்னு எழுதித் தள்ள, அந்தப் பந்தயத்தையே தூக்கிட்டாங்க. திரும்ப வந்தது 1960 ரோம் ஒலிம்பிக்கில். முப்பத்திரெண்டு வருஷம்!

இந்த 800 மீட்டரைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க. திரும்ப வரும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். நம்ம பக்கம் பொண்ணுங்க ஓடுறதுக்கு ஊர் ஒத்துக்கிட்ட ஒரே காரணம், அந்த டீக்கடைக் கேள்விதான். தமிழ்நாடு போலீஸ் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்துல ஓடணும். வனக்காவலர் வேலைக்குன்னா நாலு மணி நேரத்துல 16 கிலோமீட்டர் நடக்கணும். நோட்டிஃபிகேஷன் வந்தா கிரவுண்டு நிறையும். ரிசல்ட் வந்தா கிரவுண்டு காலியாகும். செலக்ட் ஆனவங்க ட்ரெயினிங் போயிடுவாங்க, ஆகாதவங்களுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சுடுவாங்க. ஷூ பரணுக்குப் போயிடும்.

அந்த கிரவுண்டுல இன்னொண்ணும் கவனிச்சிருப்பீங்க. ஓடுறவங்கள்ல பொண்ணுங்க இருப்பாங்க. விசில் ஊதுறவர் பெரும்பாலும் ஒரு அண்ணன், இல்லைன்னா பி.டி. சார். நல்லவங்கதான், காசு வாங்காமலே சொல்லித் தர்றவங்களும் உண்டு. ஆனா 'இன்னைக்கு வயித்து வலிண்ணா, ரெண்டு ரவுண்டு கம்மியா ஓடுறேன்'னு அவர்கிட்ட எந்தப் பொண்ணு சொல்லுவா? பேசாம ஓடுவா. இல்லைன்னா பேசாம லீவ் போட்டுடுவா. மூணு மாசம் இப்படிப் போனா, 'அவளுக்கு இன்ட்ரஸ்ட் இல்லப்பா'ன்னு ஒரே வரியில கதை முடிஞ்சுடும்.

விசில் ஒரு அக்கா கையில் இருந்தா?

அப்படி ஒருத்தர் கதைதான் இது. ஊர் மேச்சேரி இல்லை, புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. பேர் சாந்தி சௌந்தரராஜன்.

அப்பா, அம்மா செங்கல் சூளைத் தொழிலாளிங்க. அஞ்சு பிள்ளைகளில் சாந்தி மூத்தவர். ஓடக் கத்துக் கொடுத்தது தாத்தா! அவரும் ஒரு காலத்துல ஓட்டக்காரர். 13 வயசுல, குடிசைக்கு வெளியே இருந்த மண் தரையில் பேத்தியை ஓட விட்டு, ஒரு ஜோடி ஷூவும் வாங்கிக் கொடுத்திருக்கார். முதல் கோச் தாத்தாதான்னு வெச்சுக்கலாம். எட்டாம் வகுப்பு படிக்கும்போது முதல் போட்டி, முதல் கப். அதைப் பார்த்து பக்கத்துப் பள்ளி விளையாட்டு ஆசிரியர் கூப்பிட்டுக்கிட்டார். ஃபீஸ் கிடையாது, யூனிஃபார்ம் தந்தாங்க, சூடா சாப்பாடும் போட்டாங்க. மூணு வேளைச் சாப்பாடுன்னா என்னன்னு சாந்திக்குத் தெரிஞ்சதே அப்போதான். நம்மில் பல பேர் மெஸ் சாம்பாரைக் கிண்டல் பண்ணிக்கிட்டு இருக்கோம். ஒரு பிள்ளையை டிராக்கில் நிறுத்தி வெச்சதே அந்த சாம்பார்தான்.

அப்புறம் புதுக்கோட்டையில் கல்லூரி, அங்கிருந்து சென்னை. 2005-ல் தென்கொரியாவின் இன்சியானில் நடந்த ஆசிய தடகளத்தில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் டோஹா ஆசிய விளையாட்டு. அதே 800. ரெண்டு ரவுண்டு. 2 நிமிஷம் 3.16 விநாடி. மூணாவதா வந்த கஜகஸ்தான் வீராங்கனையை 0.03 விநாடியில் முந்தி மறுபடி வெள்ளி! நம்ம போலீஸ் தேர்வில் ஒரு ரவுண்டுக்குக் கொடுக்கிற இரண்டரை நிமிஷத்துக்குள்ள, இவர் ரெண்டு ரவுண்டு ஓடி முடிச்சு நின்னுட்டார். ஆசிய விளையாட்டில் பதக்கம் வாங்கின முதல் தமிழ்ப் பெண்.

அந்தச் சந்தோஷம் ஒரு மாசம்கூட நீடிக்கலை. போட்டி முடிஞ்சதும் பாலினப் பரிசோதனைக்கு உட்படுத்தினாங்க. அதில் தேறலைன்னு சொல்லி அதே டிசம்பரில் பதக்கத்தைப் பறிச்சுட்டாங்க. ஊக்கமருந்து கிடையாது, குறுக்கே ஓடலை, யாரையும் தள்ளிவிடலை. பிறவியிலேயே அமைந்த உடம்பின் ஹார்மோன் கணக்கு அது. பொண்ணாவே பிறந்து, பொண்ணாவே வளர்ந்த ஒருத்தரைப் பத்தி நாடே டி.வி. முன்னாடி உட்கார்ந்து விவாதம் பண்ணுச்சு. எத்தனை பேர் பேசினாங்க தெரியுமா? ஓடத் தெரியாதவங்கதான் நிறையப் பேசினாங்க.

தமிழ்நாடு அரசு மட்டும் சட்டுனு ஒரு காரியம் பண்ணுச்சு. அப்போதைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாயும் ஒரு டி.வி.யும் கொடுத்தார். பதக்கம் போனாலும் பரிசு போகலை.

இப்போ யோசிங்க. உங்களுக்கு வயசு இருபத்தஞ்சு. ஊர் முழுக்கக் குசுகுசு. கையில் 15 லட்சம். என்ன பண்ணுவீங்க? நானா இருந்தா வேற ஊருக்குப் போய், கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். சாந்தியும் நொறுங்கித்தான் போனார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனா எழுந்து வந்து பண்ணின காரியம், புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்குத் தடகளப் பயிற்சி மையம் ஆரம்பிச்சது. பரிசுப் பணம் அதுக்குள்ள போச்சு. 2009 வாக்கில் அங்கே 68 பிள்ளைங்க. அவரோட மாணவர்கள் சென்னை மாரத்தானில் தங்கமும் வெண்கலமும் வாங்கினாங்க. 800 மீட்டர்க்காரர் தயார் பண்ணின பிள்ளைங்க நெடுந்தூரத்தில் ஜெயிச்சிருக்காங்க, பாருங்க!

ஆனா கோச் வாழ்க்கைங்கிறது மெடல் போட்டோவில் ஓரமா நின்னு சிரிக்கிறது மட்டும் இல்லை. விடியறதுக்கு முன்னாடி கிரவுண்டு. ஸ்டாப் வாட்ச், நோட்டுப்புத்தகம். வராத பிள்ளை வீட்டுக்குப் போய், 'ஏன் அனுப்பலை?'ன்னு கேட்டு, அப்பாகிட்ட ஒரு வாங்கு வாங்கிட்டு வரணும். போட்டிக்குக் கூட்டிட்டுப் போனா ரயில் டிக்கெட், ராத்திரி தங்க இடம், பாத்ரூம் தாழ்ப்பாள் சரியா இருக்கான்னு பார்க்கிற வரைக்கும் கோச் தலையில்தான். சம்பளம்? சாந்திக்கு அப்போ கிடைச்சது ஒப்பந்த வேலைச் சம்பளம். குடும்பம் நடத்தப் போதலை. வேலையை விட்டார். 2012-ல் அவர் மறுபடி செங்கல் சூளையில், தினக்கூலி 200 ரூபாய்க்கு வேலை பார்க்கிறார்னு செய்தி வந்தப்போதான் நாட்டுக்கே சுருக்குன்னு இருந்தது. தாத்தா ஷூ வாங்கிக் கொடுத்து எந்த இடத்திலிருந்து ஓட விட்டாரோ, அதே இடம்.

அந்தச் செய்திக்கு அப்புறம் விளையாட்டு ஆணையத்தின் பெங்களூரு மையத்தில் பயிற்சியாளர் டிப்ளமா படிக்க இடம் கிடைச்சது. 2013-ல் சேர்ந்து படிச்சு முடிச்சார். முப்பது வயசுக்கு மேல, தன்னைவிடச் சின்னவங்களோட ஒரே பெஞ்சில். 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் தடகளப் பயிற்சியாளர் வேலை. பறிச்ச பதக்கத்தைத் திரும்பக் கேட்டு அவர் நடத்தின போராட்டமும் சேர்ந்தே நடந்தது.

பரிசோதனைப் பஞ்சாயத்து இன்னும் தீரலை. 2015-ல் ஒடிசா வீராங்கனை டூட்டி சந்த் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரைக்கும் போய், அப்போதைய ஹார்மோன் விதியை நிறுத்தி வெச்சார். அப்புறம் புது விதி, அதுக்கு மேல புது விதி. 2025 செப்டம்பரிலிருந்து உலக தடகள அமைப்பு, பெண்கள் பிரிவில் உலகத்தர வரிசைப் போட்டிகளில் ஓடுறவங்களுக்கு ஒரு முறை மரபணுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருக்கு. நியாயமான போட்டி வேணும்கிறவங்க பக்கமும் ஒரு வாதம் இருக்கு, மறுக்கலை. ஆனா ஒரு பொண்ணோட உடம்பைப் பத்தின ரிப்போர்ட்டை, அவளுக்கு ஒழுங்கா விளக்கிச் சொல்றதுக்கு முன்னாடி உலகத்துக்கு அறிவிக்கிறதுக்கு எந்த வாதமும் கிடையாதுங்கிறது என் கட்சி. பதக்கம் போனா வேற பந்தயம் இருக்கு. தெருவுல தலை நிமிர்ந்து நடக்கிறதுக்கு வேற தெரு இருக்கா?

பக்கத்து மாநிலத்துல இன்னொரு அக்கா இருக்காங்க, அவங்களுக்கு அறிமுகமே தேவையில்லை. பி.டி.உஷா. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 விநாடி. வெண்கலம் வாங்கினவங்க 55.41. நூத்துல ஒரு பங்கு! கண் சிமிட்டுற நேரம்கூட இல்லை. அவங்களும் ஓடி முடிச்சதும் கையில் எடுத்தது விசிலைத்தான். 2002-ல் கொயிலாண்டியில் உஷா ஸ்கூல் ஆஃப் அத்லெடிக்ஸ். அங்கே வளர்ந்த டின்டு லூகா 2010-ல் 800 மீட்டரை 1:59.17-ல் ஓடி, ஷைனி வில்சனின் பதினஞ்சு வருஷ தேசிய சாதனையை உடைச்சார். அதே 800! நூலிழையில் பதக்கம் போனவங்களும், வாங்கின பதக்கத்தைப் பறிகொடுத்தவங்களும் அடுத்த பிள்ளைக்கு விநாடி எண்ணிக் கொடுக்கிறாங்க. அந்த விநாடியோட விலை அவங்களைவிட யாருக்குத் தெரியும்?

'எனக்கு மெடலும் வேணாம், போலீஸும் வேணாம்... சும்மா ஓடணும், அவ்வளவுதான்'னு சொல்ற கட்சியா நீங்க? வாங்க, நானும் அதே கட்சிதான். சென்னையில் 2006-லேயே 'சென்னை ரன்னர்ஸ்'னு கூட்டம் கூட்டமா ஓட ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம பக்கம் கூட்டம் இல்லைன்னா என்ன, ரோடு இருக்கே!

முதல்ல ஒரு உண்மை. புதுசா ஓடுறவங்க எல்லாரும் பண்ற ஒரே தப்பு, நாய் துரத்துற மாதிரி ஓடுறது. (நிஜமாவே துரத்தினா ஓடாதீங்க, நில்லுங்க. குனிஞ்சு கல் எடுக்கிற மாதிரி பாவ்லா காட்டினா போதும்.) முதல் நூறு மீட்டரில் பி.டி.உஷா, அடுத்த நூறில் விலாவைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்போம். நெடுந்தூரம் வேற கணக்கு. பக்கத்துல ஓடுறவகிட்ட, 'ஏண்டி, நேத்து சீரியல்ல அவ என்ன ஆனா?'ன்னு முழு வாக்கியம் கேக்க முடியணும். முடியலைன்னா வேகம் அதிகம். ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை, திரும்ப ஒரு நிமிஷம் ஓட்டம். இப்படி இருபது நிமிஷம், வாரத்துக்கு மூணு நாள். அது சுலபமானதும் ஓட்டத்தைக் கூட்டுங்க, நடையைக் குறைங்க. ஒரேயடியா தூரத்தைக் கூட்டினா முட்டியும் முழங்காலுக்குக் கீழ் எலும்பும் பழிவாங்கும். ரப்பர் செருப்போட ஆறு கிலோமீட்டர் ஓடிட்டு ஒரு வாரம் நொண்டினவ சொல்றேன், நம்புங்க.

அடுத்தது ரத்தம். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு, 2019-21: தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரெண்டு பேரில் ஒருத்தி! கொஞ்சம் ஓடினாலே மேல்மூச்சு வாங்குது, படி ஏறினா கண்ணு இருட்டுதுன்னா, அது சோம்பேறித்தனமா இல்லாம இருக்கலாம். ஒரு தடவை ஹீமோகுளோபின் பார்த்துட்டு வாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பாங்க. சாப்பாட்டுக்கு விளம்பர டப்பா எதுவும் தேவையில்லை. ராகிக் களியும் கீரைக் கடைசலும் நம்ம ஊர்ல இல்லையா, கொள்ளும் வேகவெச்ச கடலைக்காயும்தான் இல்லையா? ஒண்ணு மட்டும், சாப்பிட்ட கையோட டீ குடிக்காதீங்க, இரும்புச் சத்து உடம்புல சேராது.

அப்புறம் அந்த மூணு நாள். ஓடக் கூடாதா? ஓடலாம். உடம்பு ஒத்துழைச்சா ஓடுங்க, இல்லைன்னா நடங்க, அதுவும் இல்லைன்னா படுத்துத் தூங்குங்க. ஆனா அதிகமா ஓடி, கம்மியா சாப்பிட்டு, மாசாமாசம் வர்றதே நின்னு போச்சுன்னா 'அப்பாடா'ன்னு சந்தோஷப்படாதீங்க. உடம்புக்குத் தீனி பத்தலைன்னு அர்த்தம். எலும்பு அரிச்சுடும். உடனே டாக்டரைப் பாருங்க. நல்ல கோச் இதைத்தான் முதலில் கேப்பாங்க, டைமிங் அப்புறம்தான்.

உடை விஷயத்துல கூச்சமே வேணாம். ஸ்போர்ட்ஸ் பிரா எப்படிப் பிறந்ததுன்னு தெரியுமா? 1977-ல் அமெரிக்காவில் லிசா லிண்டால்னு ஒரு அம்மா. சாம்பியன் எல்லாம் கிடையாது, நம்மளை மாதிரி 'சும்மா' ஓடுறவங்க. ஓடும்போது வலிக்குது, ஆம்பளைங்களுக்கு ஜாக்ஸ்ட்ராப் இருக்கே, நமக்கு ஏன் இல்லைன்னு யோசிச்சு, ரெண்டு தோழிகளோட சேர்ந்து ரெண்டு ஜாக்ஸ்ட்ராப்பை வெட்டி ஒண்ணாத் தைச்சுட்டாங்க! சும்மா ஓடினவங்க கண்டுபிடிச்சதை இன்னைக்கு ஒலிம்பிக்கில் போட்டுக்கிட்டு ஓடுறாங்க. 'சும்மா எதுக்குக் கண்ணு ஓடணும்?'னு கேட்ட அந்தப் பெரியவருக்கு இந்தக் கதையை எப்படிச் சொல்றதுன்னுதான் எனக்கு இன்னும் தெரியலை.

கோச் ஆகணும்னு தோணுதா? டிகிரி முடிச்சுட்டு பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் டிப்ளமா படிக்கலாம், சாந்தி பெங்களூரில் படிச்ச அதே வழி. ஆறு வார சான்றிதழ் படிப்பும் உண்டு. சென்னையில் உடற்கல்விக்குன்னே தனிப் பல்கலைக்கழகம் இருக்கு. அதுவரைக்கும் காத்திருக்கணும்னும் இல்லை. தெருவுல எட்டாவது படிக்கிற ரெண்டு பொண்ணுங்களைக் காலையில எழுப்பிக் கூட்டிட்டுப் போனா நீங்களும் பாதி கோச்தான். ஸ்டாப் வாட்ச் செல்போன்லயே இருக்கு.

டிராக் இல்லையேன்னு கவலையா? அண்ணன் சைக்கிள் இருக்கா? பெரிய சைக்கிள் சக்கரம் ஒரு சுத்து சுத்தினா சுமாரா 2.1 மீட்டர். வால்வு பக்கத்துல ஒரு சிவப்பு ரிப்பன் கட்டுங்க. ஸ்கூல் கிரவுண்டோ, ஏரிக்கரையோ, ஒரு கல்லை நட்டு அங்கிருந்து தள்ளிக்கிட்டே போங்க. ரிப்பன் 190 தடவை கீழே வந்தா 400 மீட்டர். ரெண்டு மடங்குன்னா 800.

எண்ணுறதுக்குத் தங்கச்சியையும் கூட்டிட்டுப் போங்க. தனியா எண்ணினா, 'என்ன கண்ணு, சைக்கிள் பஞ்சரா?'ன்னு யாராவது கேப்பாங்க, கணக்கு விட்டுப்போயிடும்.